நீலகிரியில் எந்த விலங்கை எங்கே பார்க்கலாம்? கேள்வி பதில்

கோடை விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி காட்டைப் பற்றியவைதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

திருப்பூர்: அண்ணா, குழந்தைகளோடு முதுமலைக்கு வருகிறோம். இரண்டு நாள் தங்கினால் புலி பார்த்துவிடலாமா?

பார்க்கலாம் என்று யாராவது உறுதி கொடுத்தால் அவரிடம் பணம் கொடுக்காதீர்கள். முதுமலையில் புலி நிறைய உண்டு. 2007-இலேயே புலிகள் காப்பகமாக அறிவித்துவிட்டார்கள். ஆனால் சாலையோரம் எல்லாம் உண்ணிச்செடி புதராக மண்டிக் கிடக்கிறது. அதற்குப் பின்னால் பத்தடி தூரத்தில் புலி படுத்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

தெப்பக்காட்டில் வனத்துறை வண்டி காலையும் மாலையும் கிளம்பும். காலையில் முதல் வண்டியைப் பிடியுங்கள். புலியை விட்டுவிட்டுச் செந்நாயைத் தேடச் சொல்வேன். உலகத்திலேயே அருகிவரும் விலங்கு அது, ஆனால் முதுமலையில் பகலிலேயே கூட்டமாகச் சாலையைக் கடக்கும். புள்ளிமான்கள் எல்லாம் தலையைத் தூக்கி ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றால் வண்டியை நிறுத்தச் சொல்லிக் காத்திருங்கள். கடமான் கத்தினால் இன்னும் நல்லது. புள்ளிமான் சும்மாவும் பயப்படும், கடமான் அப்படி லேசில் கத்தாது.

மதுரை: வரையாடு பார்க்க முக்குருத்திக்குப் போகலாம் என்றிருக்கிறோம். ஊட்டியிலிருந்து எப்படிப் போவது?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் ஏமாற்றம் தரும் பதில் வைத்திருக்கிறேன். முக்குருத்தி தேசியப் பூங்கா வரையாட்டைக் காப்பாற்றவே உருவானது. சுமார் 78 சதுர கிலோமீட்டர், 1990-இல் தேசியப் பூங்கா ஆனது. ஆனால் முதுமலை மாதிரி டிக்கெட் வாங்கி வண்டியில் ஏறிப் போகிற இடம் இல்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. அது நல்லதுதான் என்பது என் கட்சி.

வரையாடு பார்ப்பதுதான் நோக்கம் என்றால் மூணாறுக்குப் பக்கத்தில் இரவிகுளம் தேசியப் பூங்காவில் உள்ள ராஜமலைக்குப் போங்கள். அங்கே ஆடுகள் மனிதர்களுக்குப் பழகிவிட்டன, சாலையோரமே மேயும். குட்டி போடும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச்சை ஒட்டிப் பூங்காவை மூடிவிடுவார்கள். தேதியைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே பார்க்க வேண்டுமா? ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்தப் பாறைச் சரிவுகளை ஒவ்வொரு வளைவிலும் பார்த்துக்கொண்டே போங்கள். முதுகில் வெள்ளி பூசியது போலத் தெரிவது வளர்ந்த கிடா.

ஏன் இவ்வளவு குறைந்துபோயின என்றும் கேட்டிருந்தீர்கள். வேட்டை ஒரு காரணம். இன்னொன்று மரம். ஆமாம், மரம்தான். மேல்நீலகிரி இயல்பில் புல்வெளி; மலை மடிப்புகளில் மட்டும் சோலை என்கிற அடர்ந்த காடு. அந்தப் புல்வெளியை வெறும் நிலம் என்று நினைத்துச் சீகை (வாட்டில் மரம்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் எல்லாவற்றையும் நட்டுத் தள்ளினார்கள். ஆட்டுக்கு வேண்டியது புல்லும், ஆபத்து வந்தால் ஓடி ஏறிக்கொள்ளச் செங்குத்துப் பாறையும். சீகைக் காட்டுக்குள் இரண்டும் கிடையாது. சுற்றுலா வருகிறவர்கள் பைன் காட்டில் படம் எடுத்துக்கொண்டு "என்ன இயற்கை!" என்பார்கள், எனக்கு வயிறு எரியும். ஆறுதலான செய்தி, 2024-இல் தமிழகத்தில் எடுத்த கணக்கெடுப்பில் 1,031 ஆடுகள், 2025-இல் 1,303.

சென்னை: மசினகுடியில் ஒரு விடுதியில் நைட் சஃபாரி உண்டு என்கிறார்கள். நம்பலாமா?

வேண்டவே வேண்டாம். அது சட்டவிரோதம். ஸ்பாட்லைட் அடித்து விலங்கைத் துரத்துவதற்குப் பெயர் சஃபாரி இல்லை. மாட்டினால் வண்டி ஓட்டியவரோடு நீங்களும் மாட்டுவீர்கள். தெப்பக்காடு வழியாகப் பந்திப்பூர் போகும் சாலையே இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், பயணத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு: குன்னூர் பக்கம் வீட்டு சிசிடிவியில் வந்த கருஞ்சிறுத்தை தனி இனமா?

இல்லை. சாதாரணச் சிறுத்தைதான், நிறமி அதிகம். வெயில் பட்டால் உள்ளே புள்ளிகள் தெரியும். ஒரே ஈற்றில் கறுப்புக் குட்டியும் மஞ்சள் குட்டியும் பிறக்கலாம்.

கோவை: சிங்கவால் குரங்கைக் கோத்தகிரியில் பார்த்ததாக நண்பர் சொல்கிறார். இருக்குமா அக்கம்பக்கத்தில்?

உங்கள் நண்பர் பார்த்தது பெரும்பாலும் கருமந்தியாக இருக்கும். உடம்பு கறுப்பு, தலையில் பழுப்பு மயிர், நீண்ட வால். இலை தின்னி. கோத்தகிரி லாங்வுட் சோலையில் காலையில் நின்றால் அதன் குரல் கேட்காமல் வரமாட்டீர்கள். சிங்கவால் குரங்குக்கு முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி இருக்கும், வால் குட்டை, நுனியில் குஞ்சம். மழைக்காட்டு விலங்கு. வால்பாறையில் புதுத்தோட்டம் பகுதியில் எளிதில் பார்க்கலாம். வண்டியிலிருந்து பிஸ்கட் மட்டும் போடாதீர்கள். சாலைக்குப் பழகிய குரங்கு சாலையிலேயே அடிபட்டுச் சாகிறது.

திண்டுக்கல்: எங்கள் கொடைக்கானலை விட்டுவிட்டீர்களே சார்?

விடவில்லை. 2013-இல் அறிவித்த கொடைக்கானல் சரணாலயம் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். பெரிஜம் ஏரிச் சாலைக்கு வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு காலையிலேயே போங்கள். காட்டெருமைக்கு அனுமதியே வேண்டாம், ஊருக்குள் அதுவே வந்து நிற்கும்.

சேலம்: பைக்கில் வருகிறோம். எதிரே காட்டெருமை நின்றால் என்ன செய்வது?

ஹாரன் அடிக்காதீர்கள், இறங்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். தூரத்தில் நிறுத்தி அதற்கு வழி விடுங்கள். யானை என்றால் இன்னும் தூரம். குட்டியோடு இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். முன்னால் போன கார் கடந்துவிட்டதே என்று பின்னாலேயே போவதுதான் பெரிய தப்பு. காரைக் கண்டு எரிச்சலான யானை அடுத்து வரும் பைக்கிடம்தான் காட்டும்.

அப்புறம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். பைக்குக்கும்தான்.

பொள்ளாச்சி: கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன் அண்ணா. பாறுக் கழுகு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, இன்னும் அங்கே இருக்கிறதா?

இருக்கிறது தம்பி. இதைக் கேட்க ஒருவராவது வந்தீர்களே. மசினகுடியை ஒட்டிய மாயாறு, சீகூர் பகுதியில் வெண்முதுகுப் பாறு ஓடையோர நீர்மத்தி மரங்களில் கூடு கட்டுகிறது. செந்தலைப் பாறும் உண்டு. மாட்டுக்கு வலி நீங்கப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் நாடு முழுவதும் இவற்றை அழித்தது. மருந்து ஏறிய மாடு செத்து, அதைத் தின்ற பறவைக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகும். 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். 2023-இல் அதே மாதிரி வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள்.

கூட்டைத் தேடிக் காட்டுக்குள் போக வேண்டாம். அனுமதியும் கிடைக்காது, முட்டையில் உட்கார்ந்த பறவை எழுந்து போய்விடும். மசினகுடி சாலையில் வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல், வானத்தைப் பாருங்கள். தரை சூடாகி வெப்பக் காற்று மேலே எழும்போதுதான் அவை இறக்கையை அசைக்காமல் வட்டமிடும். பைனாகுலர் கொண்டு வாருங்கள், செல்போனில் எடுத்தால் புள்ளிதான் விழும்.