காட்டு நெல் பூத்தால் தும்மல் வருமா?

கேள்வி: குளக்கரையில் காட்டு நெல் கதிர் விடும் நாட்களில் எனக்குத் தும்மலும் கண் அரிப்பும் வருகின்றன. நெல்லுக்குக்கூட அலர்ஜி உண்டா? இனி சோறே சாப்பிடக் கூடாதோ?

பதில்: கடைசிக் கேள்வியில்தான் உங்கள் பயம் தெரிகிறது, அதை முதலில் தீர்த்துவிடுவோம். இதுவரை சோறு சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள். மூக்கைப் படுத்துவது மகரந்தத்தின் புரதம். அரிசிக்குள் இருப்பவை பெரும்பாலும் வேறு புரதங்கள். சாப்பிட்டதும் வாய் அரித்தாலோ உதடு வீங்கினாலோ மட்டும் டாக்டரிடம் போங்கள்.

நெல்லும் ஒரு புல்தான். காற்றை நம்பிப் பூக்கும் இனம். ஆனால் வயலில் விதைக்கும் நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுகிறது. வெளியே போவது குறைவு. குளத்தில் பல ஆண்டு நிற்கும் காட்டு நெல் அப்படியல்ல. மகரந்தப்பைகள் நீளமானவை, தூளும் அதிகம், பக்கத்துச் செடியைத் தேடிக் காற்றில் விடுகிறது. காலை பத்து மணிக்கு மேல் ஒரு கதிரைக் கறுப்புத் தாளின் மேல் மெதுவாகத் தட்டிப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் பொடி அப்படியே படியும். அந்த நேரத்தில்தான் பூக்கள் திறக்கின்றன. நண்பகல் தாண்டினால் பெரும்பாலும் மூடிவிடும். தூளில் பெரும்பகுதி சில மீட்டருக்குள் விழுந்துவிடும் என்பதால், முற்பகலில் கரையை விட்டுத் தள்ளி நடந்தாலே நிறைய வித்தியாசம் தெரியும்.

ஆனாலும் பழியைக் காட்டு நெல் மீது மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. நுண்ணோக்கியில் புல் மகரந்தங்களைப் பார்த்துப் பழகியவள் நான். எல்லாமே உருண்டை, ஒரே ஒரு துளை, அதற்கொரு மூடி. எது நெல், எது அருகம்புல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் உடலுக்கும் கிட்டத்தட்ட அதே குழப்பம்தான்: புற்களின் மகரந்தப் புரதங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், ஒரு புல்லுக்குப் பழகிய ஒவ்வாமை இன்னொன்றிலும் கிளம்பும். அதனால் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குத் தும்மல், எங்கே நின்றீர்கள், அங்கே எந்தப் புல் பூத்திருந்தது. அலர்ஜி டாக்டரிடம் தோல் பரிசோதனைக்குப் போகும்போது அதையும் கொண்டுபோங்கள்.

அப்புறம், இடியோடு மழை வரும் நாளில் வீட்டுக்குள் இருங்கள். ஈரத்தில் புல் மகரந்தம் வெடித்து, நுரையீரல்வரை போகும் நுண்துகள்களாகிறது. 2016 நவம்பரில் மெல்போர்ன் நகரில் அப்படி ஒரு மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். தும்மலோடு நெஞ்சில் விசில் சத்தமும் கேட்டால், நோட்டு எழுதி முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.