அரை டன் பிக்கப்பிற்கு எடை குறைந்த கேம்பர்: கேள்வி பதில்

கேள்வி: என் பிக்கப்பின் பின்தட்டில் கேம்பர், அதாவது உள்ளே தங்கக்கூடிய சிறு அறை, ஏற்ற விரும்புகிறேன். அரை டன் டிரக் என்றால் ஆயிரம் பவுண்டுதான் ஏற்றலாம் என்கிறார்கள். என் ஃபோர்டு எஃப்-150க்கும் அதுதானா?

பதில்: இல்லை. அந்தப் பெயர் பழைய காலத்தில் ஒட்டிக்கொண்டது. இன்றைய எஃப்-150, ராம் 1500, சில்வராடோ 1500 ஆகியவற்றில் பல, ஏறத்தாழ 1,300 முதல் 2,000 பவுண்டு வரை தாங்கும். உங்கள் வண்டிக்குரிய எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில், மஞ்சளும் வெள்ளையுமான சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே ஆண்டில் வந்த ஒரே மாடல் வண்டிகளுக்குள்ளும் நான்கு சக்கர இயக்கம், பெரிய கேபின், கூரைக் கண்ணாடி போன்றவற்றால் இந்த எண் நூற்றுக்கணக்கான பவுண்டு வேறுபடுவதால், விளம்பரத்தில் கண்ட எண்ணை நம்பி கேம்பர் வாங்காதீர்கள்.

கேள்வி: என் வண்டியின் கதவுத் தூண் சீட்டில் உள்ள எண் 1,600 பவுண்டு. பார்த்துவைத்திருக்கும் கேம்பர் 1,150 பவுண்டு. நானும் மனைவியும் மட்டுமே பயணிக்கிறோம். மீதி 450 போதுமல்லவா?

பதில்: போதாது. சீட்டில் உள்ள எண்ணில் ஓட்டுநரின் எடையும் அடக்கம். இருவருக்கும் சேர்த்து 320 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 20 கேலன் தண்ணீர் ஏறத்தாழ 167 பவுண்டு. நிரம்பிய சிறிய புரொப்பேன் சிலிண்டர் 37, கூடுதல் பேட்டரி 60, கேம்பரைப் பிணைக்கும் சாதனங்கள் 40, துணிமணி, பாத்திரம், உணவு எல்லாம் மிகச் சிக்கனமாக 150. கூட்டினால் 774. ஆகவே கேம்பருக்கு மிஞ்சுவது 826 பவுண்டுதான். போதாக்குறைக்கு, தயாரிப்பாளர்கள் சொல்லும் வெற்று எடையில் குளிர்பதனப் பெட்டி, வெயில் விரிப்பு, கேம்பரைத் தூக்கி நிறுத்தும் கால்கள் போன்றவை பல நேரங்களில் சேர்க்கப்படுவதில்லை. நீங்கள் கேட்கும் அத்தனை வசதிகளும் பொருத்திய பிறகு என்ன எடை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் வண்டிக்கு, உள்ளே அடுப்பும் அலமாரியும் இல்லாத வெற்றுக் கூடாக விற்கப்படும், கூரை உயரும் வகையே (நிறுத்திய பிறகு கூரையை உயர்த்தினால் துணிச்சுவர் விரியும்) பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பின்புற ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை பொருத்தினால் கூடுதல் எடை ஏற்றலாமா?

பதில்: கூடாது. காற்றுப் பை வண்டியின் பின்புறம் தாழ்வதைச் சரிசெய்யும். அச்சு, பிரேக், சக்கரம், சட்டகம் ஆகியவற்றின் வரம்பு அப்படியேதான் இருக்கும்.

கேள்வி: கூரை உயரும் கேம்பரா, சுவர் உறுதியான கேம்பரா? என் பின்தட்டு ஐந்தரை அடி.

பதில்: அரை டன் வண்டிக்குக் கூரை உயரும் வகையையே முதலில் பாருங்கள். ஓடும்போது கூரை தாழ்ந்திருப்பதால் காற்றெதிர்ப்பும் குறையும், ஈர்ப்பு மையமும் கீழிறங்கும். மலைப்பாதை வளைவுகளில் இந்த வேறுபாட்டை நன்றாகவே உணரலாம். கடுங்குளிரில் துணிச்சுவர் வெப்பத்தை விரைவில் இழக்கும், உட்புறம் ஈரம் படியும் என்பது அதன் குறை. பனிக்காலத்தில் அடிக்கடி தங்குபவர் இதை யோசித்தே முடிவெடுக்க வேண்டும். குறுகிய பின்தட்டில் கேம்பரின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டியது மிக முக்கியம். அது பின்னால் போனால் முன் சக்கரங்களில் எடை குறைந்து ஸ்டீயரிங் பிடிமானம் தளரும். ஐந்தரை அடித் தட்டுக்கென்றே வடிவமைத்த மாடல்கள் உண்டு. கலிஃபோர்னியாவின் ஃபோர் வீல் கேம்பர்ஸ் நிறுவனத்தின் ரேவன் அத்தகையது. சில அரை டன் வண்டிகளில் கேம்பர் ஏற்றவே வேண்டாம் என்று கையேடு சொல்லும், அதையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: டயர் மாற்ற வேண்டுமா?

பதில்: பயணிகள் கார் வகை டயராக இருந்தால், இலகு டிரக் வகைக்கு மாறுவது நல்லது. ஆனால் அவற்றுக்குக் கூடுதல் காற்றழுத்தம் தேவை. டயர் மாறினாலும் சீட்டிலுள்ள எண் மாறாது.

கேள்வி: வாங்கிய பிறகு கணக்கு சரியா என்று எப்படி அறிவது?

பதில்: நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) நிறுவனத்தின் எடைமேடைக்குச் செல்லுங்கள். தண்ணீரும் எரிபொருளும் நிரப்பி, எல்லோரும் ஏறி அமர்ந்த நிலையில் எடை போடுங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி எண் தருவார்கள். பின் அச்சின் எண்ணைக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அச்சு வரம்போடு ஒப்பிடுங்கள். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் அச்சு மட்டும் மீறுவது உண்டு. அப்படியானால் தண்ணீரைக் குறைத்து, கனமான பொருட்களைக் கேபினுக்கு அருகில் நகர்த்தி மீண்டும் எடை போடுங்கள்.