தெர்மாஸ் என்பது கம்பெனியின் பெயரா, சாமானின் பெயரா? எப்படி வந்தது?

கேட்டவரை யாரோ கடையில் வைத்துத் திருத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். "இது தெர்மாஸ் இல்லீங்க, பிளாஸ்க்" என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் அம்மாவுக்கு அது நடந்தது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டும்தான். கம்பெனி பெயராகப் பிறந்து சாமானின் பெயராகிவிட்டது. 1892-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி, கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்கள் சூடேறிப் போய்விடாமல் இருக்க, கண்ணாடிக்குள் கண்ணாடி வைத்து நடுவில் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்து ஒரு குடுவை செய்தார். நடுவில் காற்று இல்லாததால் சூடு எளிதில் கடந்து போக முடியாது, கண்ணாடியில் பூசிய வெள்ளிப்பூச்சு கதிராகப் போகும் சூட்டையும் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். டீக்காக யோசித்த சாமானே இல்லை. அவர் காப்புரிமை வாங்கவில்லை. ஜெர்மனியில் கண்ணாடி ஊதும் தொழில் தெரிந்த ரைன்ஹோல்ட் பர்கர் அதற்கு வெளியே உலோகக் கூடு போட்டு, வீட்டுச் சாமானாக்கி, 1903-ல் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷம் கம்பெனி வந்தது, வெப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து தெர்மாஸ் என்று பெயர் வந்தது. டூவர் வழக்குப் போட்டுத் தோற்றார். 1907-ல் அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா என்று மூன்று தனித்தனிக் கம்பெனிகளுக்கு உரிமை கைமாறியது. டூவருக்கு அநியாயம் நடந்தது என்று சிலர் சண்டைக்கு வருவார்கள், கண்டுபிடித்தவர் அவர்தான், அதை நான் மறுக்கவில்லை.

இனி எங்கள் கதை. நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அம்மா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்குப் போகும்போது, தகரத்தில் சிவப்புப் பூப்போட்ட ஒரு பிளாஸ்க்கில் டீ ஊற்றி, பழைய கைலித் துணியில் சுற்றி எடுத்துப் போவார். தீபாவளி முன்பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. தன் வரிசை மரங்களை, அதாவது நிரையை வெட்டி முடித்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் வடியும் நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து குடிக்கும் அந்த ஒரு டீதான் அவருக்குக் காலைச் சாப்பாடு மாதிரி. மூடியைத் திறந்தால் ஆவி வரும், தக்கையில் நேற்றைய டீயின் வாசம் இருக்கும்.

1979-ல் ஒரு பள்ளி விடுமுறையில், அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய், செம்மண் ரோட்டில் விழுந்தேன். வெளியே தகரம் ஒன்றும் ஆகவில்லை, ஓரம் கொஞ்சம் ஒடுங்கியது, அவ்வளவுதான். அம்மா அதைக் காதோரம் வைத்து மெதுவாக ஆட்டிப் பார்த்தார். சலசல என்று சத்தம். டீயைப் புல்லில் கவிழ்த்தார், தேயிலை நிறத்துக்கு நடுவே வெள்ளிச் சில்லு சில்லாக விழுந்தது. என்னைத் திட்டவே இல்லை. "கையை வைக்காதே, கீறும்" என்று மட்டும் சொன்னார்.

சம்பளம் வந்ததும் உள் கண்ணாடி மட்டும் வாங்க டவுனுக்குப் போனோம். அப்போதெல்லாம் தோட்ட முச்சந்திக்குக் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ் வரும். இப்போது அதுவும் இல்லை. தோட்டத்தில் மீதி இருப்பவர்கள் பாதிப்பேர் அறுபதைத் தாண்டிய கிழடுகள், கிளினிக்குக்கு மருந்து வாங்கப் போவதற்கே பக்கத்து வீட்டுப் பையனின் காருக்குக் காசு கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பஸ்காரர்களைக் கேட்டால் ஆள் ஏறுவதில்லை, கட்டுப்படியாகாது என்கிறார்கள். பஸ் வராத இடத்தில் ஆள் எங்கிருந்து ஏறுவது? இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் மனசு பொறுக்கவில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். அம்மா தவுக்கேயிடம், அதாவது சீனக் கடை முதலாளியிடம் "தெர்மாஸ் கண்ணாடி" என்று கேட்டார். பக்கத்தில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த எங்கள் தோட்டத்துக் கிராணி (ஆபீஸ் குமாஸ்தா) வீட்டம்மா எல்லார் முன்னாலும் சிரித்தார். "தெர்மாஸா? அது துரை பங்களாவில இருக்கிற வெள்ளைக்காரன் சாமான். இது சீனா பிளாஸ்க்கு." அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அதற்கப்புறம் எந்தக் கடையிலும் அம்மா அந்தப் பேரைச் சொன்னதே இல்லை. விரலை நீட்டி "அந்தச் சுடுதண்ணி போத்தல்" என்பார்.

பல வருஷம் கழித்துத்தான் அமெரிக்க வழக்கைப் பற்றிப் படித்தேன். கிங்-சீலி தெர்மாஸ் கம்பெனி, அலாதீன் கம்பெனி அந்தப் பேரைப் பயன்படுத்தக் கூடாது என்று வழக்காடியது. இப்படிப்பட்ட குடுவை தெரிந்த அமெரிக்கர்களில் சுமார் 75 சதவீதம் பேர் அதைத் தெர்மாஸ் என்றுதான் சொல்கிறார்கள், அது வியாபாரப் பெயர் என்று தெரிந்தவர்கள் சுமார் 12 சதவீதம்தான் என்ற கணக்கெடுப்பு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆரம்பத்தில் கம்பெனியே விளம்பரம் செய்து அந்தப் பேரைப் பொதுப்பேர் மாதிரி பரப்பியதும் ஒரு காரணம். 1963-ல் மேல்முறையீட்டிலும் அது பொதுச் சொல்தான் என்று முடிவானது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கினால் கம்பெனிக்கு, சின்ன எழுத்தில் தொடங்கினால் எல்லாருக்கும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஏது? அம்மா வாயால் சொன்னதில் என்ன பிழை இருந்திருக்க முடியும்?

அமெரிக்கத் தீர்ப்பு மலேசியாவில் செல்லாது என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். தெரியும். நான் கடை வைத்து அந்தப் பேரில் விற்கவில்லை, பேச்சு வழக்கைத்தான் சொல்கிறேன். அதேபோல எஃகு பாட்டிலை வில்லியம் ஸ்டான்லி என்ற அமெரிக்கர் 1913-லேயே செய்துவிட்டார் என்பதும் தெரியும். இன்று பிள்ளைகள் தூக்கித் திரியும் மெல்லிய, துருப்பிடிக்காத எஃகு வகையை 1978-ல் கொண்டுவந்தது ஜப்பானின் நிப்பான் சான்சோ கம்பெனி, 1989-ல் தெர்மாஸ் தொழிலையே வாங்கியதும் அவர்கள்தான். நான் சைக்கிளிலிருந்து விழுவதற்கு முந்தின வருஷமே அது வந்துவிட்டது. எங்கள் டவுன் கடைக்கு வந்து சேர ரொம்ப நாள் ஆனது.

போன தீபாவளிக்கு அம்மாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்து, இந்த வழக்கையும் உட்கார்ந்து சொன்னேன். முழுக்கக் கேட்டார். மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, பழக்கத்தில் காதோரம் வைத்து ஆட்டினார். அப்புறம் கேட்டார்: "அப்போ கடையில தெர்மாஸுன்னே கேட்கலாம்ல?"