காற்றாலை வந்தால் டிவி, ரேடியோ சிக்னல் போய்விடுமா? அதைச் சொல்லி எதிர்க்கலாமா?

உங்கள் ஊர் திருமருகல் பக்கம், வயலை ஒட்டிக் காற்றாலைக்கு இடம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், வந்தால் டிவியும் ரேடியோவும் எடுக்காது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள், கிராம சபையில் இதையே முதல் காரணமாக வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாகப்பட்டினத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக ஆண்டெனாவும் டிஷ்ஷும் மாட்டுவது என் தொழில். டிவியை முதல் காரணமாக வைக்காதீர்கள் என்பதுதான் என் பதில். நிறுவனத்தின் ஆள் ஐந்து நிமிடத்தில் அதைப் பொய் என்று காட்டிவிடுவார். அப்புறம் நீங்கள் சொல்லும் நியாயமான குறைகளையும் யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

ஆனால் இந்தப் பயம் வெறும் வதந்தி இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஆரல்வாய்மொழியில் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். முப்பந்தல் பக்கம் காற்றாடிகள் வரிசையாக நின்றன. வீட்டில் தூர்தர்ஷன் ஓடிக்கொண்டிருந்தது. படம் ஒரு வெளிச்சம், ஒரு மங்கல் என்று மாறி மாறி வந்தது. ஆண்டெனாவில் கோளாறு என்று நினைத்துக் கூரை ஏறினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தூரத்தில் காற்றாடியின் இறக்கை ஒவ்வொன்றும் மேலே வரும்போதுதான் படம் மங்குகிறது என்று அப்புறம்தான் பிடிபட்டது. கோபுரத்திலிருந்து நேராக வரும் சிக்னலோடு, சுற்றும் இறக்கையில் பட்டுத் திரும்பியதும் சேர்ந்து வந்து ஆண்டெனாவில் விழுகிறது. அசையாத கட்டடமாக இருந்தால் இரட்டைப் படம் நிலையாக நிற்கும், ஆண்டெனாவைக் கொஞ்சம் திருப்பிச் சமாளிக்கலாம். இறக்கை சுற்றிக்கொண்டே இருப்பதால் அந்த வழியும் இல்லை.

அதுவும் சிக்னல் பலவீனமாக வரும் இடத்தில்தான் இது பெரிதாகத் தெரியும். 1982-ல் இலங்கையின் ரூபவாஹினி டிவி வந்த பிறகு நம் கடற்கரை ஊர்களில் மூங்கில் நட்டு, ஆண்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பிப் பார்த்தோமே, அந்த மாதிரி சிக்னலுக்கு நடுவில் ஒரு காற்றாடி நின்றிருந்தால் படமே இருந்திருக்காது.

இன்றைக்கு அந்த ஆண்டெனா யார் வீட்டில் இருக்கிறது? தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் ஒளிபரப்பே 2022-ல் பெரும்பாலான இடங்களில் நின்றுவிட்டது. இப்போது எல்லாம் டிஷ், கேபிள். டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நமக்குத் தென்கிழக்கே வெகு உயரத்தில் இருக்கிறது. டிஷ் சாய்ந்து நிற்பது போலத் தெரிந்தாலும் சிக்னல் தரையிலிருந்து சுமார் 70 டிகிரி கோணத்தில் இறங்குகிறது. 150 மீட்டர் உயரக் காற்றாடி அதை மறைக்க வேண்டுமானால் உங்கள் வீட்டிலிருந்து 55 மீட்டருக்குள், அதுவும் சரியாக அந்தத் திசையில் நிற்க வேண்டும். அவ்வளவு பக்கத்தில் காற்றாடி வைத்தால் டிவி பற்றியா கவலைப்படுவீர்கள்?

காரைக்கால் வானொலியின் 100.3 எஃப்எம்முக்கும் பெரிய பாதிப்பு வராது. பலமான சிக்னலைப் பிடித்துக்கொண்டு பலவீனமானதைத் தள்ளிவிடுவது எஃப்எம்மின் குணம். காற்றாடிக்கு அடியிலேயே நின்றால் கொஞ்சம் இரைச்சல் வரலாம். செல்போனில், டவருக்கும் டவருக்கும் இடையே போகும் மைக்ரோவேவ் பாதையில் காற்றாடி குறுக்கே நின்றால் பிரச்சினைதான். காற்றாடியைச் சற்றுத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. காரைக்காலில் மழையையும் புயலையும் கண்காணிக்கும் வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் இருக்கிறது. திருமருகலுக்கு அது பக்கம். டாப்ளர் ரேடார் அசைவதைத்தான் தேடுகிறது. கட்டடம், மரம் போன்றவை அசையாததால் அவற்றைக் கழித்துவிடும். சுற்றும் இறக்கையை அப்படிக் கழிக்க முடியாது, மழை மேகம் நகர்வது போலவே திரையில் காட்டும். ரேடாரிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் காற்றாடியே வேண்டாம், 20 கிலோமீட்டர் வரை ஆராய்ந்து, வானிலைத் துறையைக் கலந்துதான் வைக்க வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிய இரவை நாம் மறக்க முடியாது. அந்த ரேடாரின் கண்ணில் தூசி விழ நாம் விடலாமா? நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, காரைக்கால் ரேடாரிலிருந்து தூரம் எவ்வளவு, வானிலைத் துறையிடம் எழுத்தில் கருத்து வாங்கினீர்களா என்பதுதான்.

இரண்டாவது, வடிகால். நம்முடையது கடைமடை. காற்றாடியின் பாகங்களையும் பெரிய கிரேனையும் கொண்டுவர அகலமான, மேடான பாதை போட வேண்டும். அது வடிவாய்க்காலை அடைத்துக்கொண்டு போனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா மூழ்கிவிடும். எங்கே மதகு, எவ்வளவு அகலம் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காப்பாற்றும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அதில் தடை செய்த தொழில்களின் பட்டியலில் எண்ணெய், எரிவாயு எடுப்பதும் உருக்காலைகளும் இருக்கின்றன, காற்றாலை இல்லை. நரிமணம் எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம், வெளியாள் வந்து நிலம் அளந்தால் சந்தேகப்படுவது தப்பே இல்லை. கேட்பதைச் சரியாகக் கேட்போம் என்கிறேன்.

சிக்னல் விஷயத்திலும் ஒரு வரி எழுதி வாங்கலாம். அயர்லாந்தில் காற்றாலை நிறுவனங்கள் ஒளிபரப்புக் கோபுரங்களை நடத்துபவரோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போடுகின்றன. காற்றாடியால் வரவேற்பு கெட்டால் சரிசெய்யும் செலவு நிறுவனத்தைச் சேர்ந்தது. அதே மாதிரி நீங்களும் கேளுங்கள்.

ஒன்று மட்டும் இப்போதே செய்துவிடுங்கள். உங்கள் செட்டாப் பாக்ஸ் மெனுவில் சிக்னல் பலம், தரம் என்று இரண்டு கோடுகள் வரும். காற்றாடி வந்த பிறகு ஒப்பிட்டுக் காட்ட, தெருவுக்கு நாலு வீட்டிலாவது அதைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மழை இல்லாத நாளாகப் பார்த்து எடுங்கள், மழையில் அந்த அளவு தானாகவே இறங்கும்.