மெசேஜில் படம் போகவில்லையா? எல்லையோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

புளியரை முதல் ஆரம்பாக்கம் வரை வந்த கேள்விகளில் பாதிக்கு விடை ஒன்றே: படம் எந்த வழியில் போகிறது என்று முதலில் பாருங்கள். மெசேஜ் செயலியிலிருந்து படம் எம்எம்எஸ்ஸாகப் (சிம் கம்பெனி வழியாகப் போகும் படச் செய்தி) போகலாம், ஆர்சிஎஸ்ஸாகப் (எஸ்எம்எஸ்ஸுக்கு அடுத்து வந்த, இன்டர்நெட்டில் போகும் செய்தி) போகலாம், ஐபோனிலிருந்து ஐபோனுக்கு என்றால் ஆப்பிளின் ஐமெசேஜாகப் போகலாம். கூகுள் மெசேஜஸில் தட்டச்சுப் பெட்டியிலேயே 'ஆர்சிஎஸ்' என்று தெரியும். எம்எம்எஸ் என்றால் அனுப்பும் பொத்தானின் கீழே அப்படி எழுதியிருக்கும். ஐபோனில் செய்திக் கட்டம் நீலம் என்றால் ஐமெசேஜ். வழி தெரிந்துவிட்டால் கோளாறு எங்கே என்பதும் பாதி தெரிந்துவிடும்.

கடை புளியரையில். படம் அனுப்பினால் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு 'அனுப்பப்படவில்லை' என்கிறது. செங்கோட்டைக்குப் போனதும் போய்விடுகிறது. போனில் கோளாறா?

போனில் கோளாறு இல்லை. மலையடிவாரத்தில் உங்கள் போன் பெரும்பாலும் ஆரியங்காவு பக்கத்துக் கேரள டவரைப் பிடிக்கிறது. கேரளமும் தமிழ்நாடும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டங்கள் என்பதால் அங்கே போன் ரோமிங்கில் இருக்கிறது. சிக்னல் கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக 'ஆர்' தெரிகிறதா பாருங்கள். ரோமிங்கில் பேச்சும் சாதா எஸ்எம்எஸ்ஸும் தடையின்றிப் போகும். 'டேட்டா ரோமிங்' அணைந்திருந்தால் டேட்டா மட்டும் நின்றுவிடும். எம்எம்எஸ் போக மொபைல் டேட்டா கட்டாயம். வீட்டு வைஃபை இருக்கிறதே என்று டேட்டாவை அணைத்து வைத்தாலும் பல போன்களில் எம்எம்எஸ் போகாது.

செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய் டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள். உங்கள் பேக்கில் உள்நாட்டு ரோமிங் டேட்டா உண்டா என்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் போகவில்லை என்றால், நெட்வொர்க் தேர்வில் 'ஆட்டோமேட்டிக்'கை எடுத்துவிட்டுத் தமிழ்நாட்டு நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுங்கள். புனலூர் பக்கம் போகும்போது ஆட்டோமேட்டிக்கை மறக்காமல் திருப்பிப் போடுங்கள். இல்லாவிட்டால் மலை ஏறியதும் சிக்னலே இருக்காது.

கம்பத்திலிருந்து குமுளிப் பக்கத்து எஸ்டேட்டுக்குப் போய்வருகிறேன். ஏலக்காய் மாதிரியைப் படம் எடுத்து போடி வியாபாரிக்கு அனுப்பினால், 'கலங்கலா இருக்கு, காய் தெரியல' என்கிறார். கேமரா நல்ல கேமராதான்.

கேமராவைக் குற்றம் சொல்ல வேண்டாம், படம் போகிற வழியில்தான் சுருங்குகிறது. இன்றைய போனில் எடுக்கும் ஒரு படம் சாதாரணமாக 3 முதல் 5 எம்பி இருக்கும். எம்எம்எஸ்ஸில் கம்பெனியைப் பொறுத்து 300 கேபியிலிருந்து 1 எம்பி வரைதான் இடம். 4 எம்பி படத்தை 300 கேபிக்குள் அடைக்கப் போன் அதைப் பிழிந்தெடுக்கிறது. முதலில் அழிவது நுணுக்கமான விவரம்: காயின் வரி, காம்பின் நுனி, பச்சையின் சாயல். வியாபாரி விலை சொல்வதே அதைப் பார்த்துத்தான்.

ஏலக்காய்க்கு நிறமும் அளவும் முக்கியம். 8 மி.மீ. போல்டுக்கும் (பெரிய காய் ரகம்) அதற்குக் கீழுள்ள ரகத்துக்கும் விலை வேறு. அதனால் இப்படிச் செய்து பாருங்கள். வெள்ளைத் தாளில் பத்துப் பன்னிரண்டு காயைப் பரப்பி, பக்கத்தில் மி.மீ. கோடு போட்ட ஸ்கேலை வையுங்கள். வெயிலில் வேண்டாம், மஞ்சள் பல்பும் வேண்டாம். பகல் நிழலில் எடுங்கள். பச்சை மட்டுமே நிறைந்த படத்தில் கேமரா நிறத்தைத் தப்பாகக் கணக்கிட வாய்ப்புண்டு. வெள்ளைத் தாள் பக்கத்தில் இருந்தால் அந்தத் தப்பு குறையும், பார்ப்பவருக்கும் ஒப்பிட ஒன்று கிடைக்கும். ஜூம் செய்யாமல் போனைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். அனுப்புமுன் வேண்டாத ஓரத்தை வெட்டிவிடுங்கள். மிச்சமிருக்கிற கேபி முழுக்கக் காய்க்கே கிடைக்கும்.

அனுப்புவதற்கு எம்எம்எஸ்ஸை நம்ப வேண்டாம். இருவருக்கும் ஆர்சிஎஸ் இருந்தால் அதில் அனுப்புங்கள். கூகுள் மெசேஜஸ் செட்டிங்ஸில் படங்களை வேகமாக அனுப்பும் வசதி ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள், அது தரத்தைக் குறைத்துத்தான் வேகம் காட்டுகிறது. வாட்ஸாப் என்றால் எச்டி பொத்தானை அழுத்துங்கள். அதைவிட நல்லது, படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புவது. எடுத்த படம் அப்படியே போய்ச் சேரும். அக்ஷயா மையத்துக்கோ இ-சேவை மையத்துக்கோ ஆதார், ரேஷன் கார்டு படம் அனுப்புகிறவர்களும் இதையே செய்யலாம்.

வேலந்தாவளத்தில் இருக்கிறேன். ஒரு கேரள சிம், ஒரு தமிழ்நாட்டு சிம். ஒரு சிம்மில் படம் போகிறது, இன்னொன்றில் போவதே இல்லை.

எம்எம்எஸ் எந்த சிம்மிலிருந்து போகிறதோ அந்த சிம்முக்கே டேட்டா வேண்டும். நீங்கள் டேட்டாவை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு மற்றதிலிருந்து அனுப்புகிறீர்கள். சில போன்கள் தானாக மாறிக்கொள்ளும், சில மாறாது. அனுப்பும் நேரத்துக்கு டேட்டா சிம்மை மாற்றிப் பாருங்கள். போய்விட்டால் காரணம் அதுதான். போகாவிட்டால் செட்டிங்ஸில் அந்த சிம்முக்கான 'ஆக்சஸ் பாயிண்ட் நேம்ஸ்' (ஏபிஎன், சிம் டேட்டாவோடு இணையும் அமைப்பு) பட்டியலைத் திறந்து பாருங்கள். ஏபிஎன் வகையில் 'எம்எம்எஸ்' என்ற சொல்லும், எம்எம்எஸ்சி (எம்எம்எஸ்ஸைக் கையாளும் கம்பெனி சர்வர்) என்ற கட்டத்தில் ஒரு முகவரியும் இருக்க வேண்டும். காலியாக இருந்தால் மூன்று புள்ளியைத் தொட்டு 'ரீசெட் டு டிஃபால்ட்' கொடுத்து, போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அதன்பிறகும் காலி என்றால் கஸ்டமர் கேரில் செட்டிங்ஸ் அனுப்பச் சொல்லுங்கள்.

களியக்காவிளையில் நேற்றுதான் சிம் மாற்றினேன், அதே நம்பர். ஆர்சிஎஸ் 'செட்டிங் அப்' என்றே நிற்கிறது.

சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வருவதும் போவதும் நிறுத்தி வைக்கப்படும். நம்பரை யாராவது திருடிக்கொண்டு ஓடிபியை வாங்கிவிடாமல் தடுக்க வந்த ஏற்பாடு அது. ஆர்சிஎஸ், ஐமெசேஜ் இரண்டுமே நம்பரைச் சரிபார்க்க எஸ்எம்எஸ்ஸை நம்பியிருப்பதால் அதுவரை காத்திருங்கள். பிறகு ஆர்சிஎஸ்ஸை அணைத்து மறுபடி போடுங்கள்.

நகரியிலிருந்து எழுதுகிறேன். படமே வைக்கவில்லை. நீளமாகத் தமிழில் எழுதினால் எம்எம்எஸ் ஆகி, 'பேலன்ஸ் இல்லை' என்கிறது. பேக் இருக்கிறதே!

ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70. அந்த 70-உம் நம் கணக்கில் அல்ல. 'அம்மா' நமக்கு மூன்று எழுத்து. போனுக்கு அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து. 70-ஐத் தாண்டினால் 67, 67 ஆகப் பிரியும். பகுதிகள் கூடினால் சில போன்கள் அதை எம்எம்எஸ்ஸாக மாற்றிவிடும். ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ் தரும் பேக்கில் எம்எம்எஸ் பெரும்பாலும் சேராது, மெயின் பேலன்ஸிலிருந்து பிடிப்பார்கள். அங்கே பூஜ்யம் என்றால் நின்றுவிடும். செய்தியை இரண்டாக வெட்டி அனுப்புங்கள்.

மகன் துபாயில். எம்எம்எஸ் போய்ச் சேர்வதில்லை.

வெளிநாட்டுக்கு எம்எம்எஸ் போக இரண்டு கம்பெனிகளுக்கும் இடையே உடன்பாடு வேண்டும். அதை நம்பி இருக்காதீர்கள். அங்கே வாட்ஸாப் அழைப்புக்குத்தான் கட்டுப்பாடு, படமும் செய்தியும் போகும்.

ஆரம்பாக்கத்தில் ஒருவருக்கு 'உங்கள் படம் வந்திருக்கிறது, இதைத் தொடுங்கள்' என்று ஒரு லிங்க் வந்தது. தொட்டதும் ஒரு செயலி இறங்கியது.

படம் பார்க்கச் செயலி எதுவும் நிறுவத் தேவையில்லை. கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் அது படமே அல்ல. அது உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியைக் கடத்தக்கூடிய செயலி. இறக்கிவிட்டு நிறுவாமல் இருந்தால் கோப்பை அழித்தால் போதும். நிறுவிவிட்டிருந்தால் உடனே டேட்டாவையும் வைஃபையையும் அணைத்து, செயலியை நீக்குங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தி வையுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள், எந்த மாநிலத்தில் இருந்தாலும் அதே எண்தான். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் தடுக்க அவ்வளவு வாய்ப்பு.