டாக்டரம்மாவிடம் கேளுங்கள்: தெருவில் நாலு பேருக்குப் புற்றுநோய்

நான் முப்பது வருஷம் பார்த்த வேலை புற்றுநோயை எண்ணுகிற வேலை என்று போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு டெல்டாவிலிருந்து ஏகப்பட்ட கடிதங்கள். ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டாள். கம்யூனிட்டி மெடிசின் எடுத்து, கேன்சர் எபிடெமியாலஜி ஆராய்ச்சிக்குப் போகப்போகிறாளாம். ‘ஊசி போடாத டாக்டரா?’ என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். இதில் எதிர்காலம் உண்டா? – ஒரு தாய், மன்னார்குடி

கம்யூனிட்டி மெடிசின் என்றால் ஒரு நோயாளியை அல்ல, ஊர் மக்கள் எல்லோருடைய ஆரோக்கியத்தையும் பார்க்கிற மருத்துவம். ஒரு நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது எபிடெமியாலஜி. ‘ஊசி போடாத டாக்டரா’ என்று என் மாமியாரும்தான் கேட்டார். கடைசி வரைக்கும் அவருக்கு நான் ‘ஆபீஸ் டாக்டர்’.

பணத்தை முதலில் பேசிவிடுவோம். வாசலில் போர்டு மாட்டி சாயங்காலம் ஐம்பது பேரைப் பார்க்கிறவரின் வருமானம் இதில் வராது. மருத்துவக் கல்லூரியிலோ, மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். நிறுவனங்களிலோ, மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையிலோ நிரந்தர வேலை அமைந்தால் கௌரவமான சம்பளம் உண்டு. ஆராய்ச்சித் திட்டத்தில் ஒப்பந்தத்துக்குச் சேர்ந்தால் திட்டம் முடியும்போது அடுத்ததைத் தேட வேண்டியிருக்கும். உங்கள் மகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, ஊசி போடாமல் என்னதான் செய்வாள்? திருவனந்தபுரத்தில் கதிர்வீச்சு சிகிச்சை மருத்துவராக இருந்த ஆர். சங்கரநாராயணன், 1993-இல் பிரான்சின் லியோன் நகரில் உள்ள ஐ.ஏ.ஆர்.சி.க்குப் போனார். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு அது. அவர் குழு 2000-இல் நம் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற நர்ஸ், ஒரு விளக்கு, கொஞ்சம் பஞ்சு, வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலம், அவ்வளவுதான் சாமான். கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால் கோளாறான இடம் வெளுத்துக் காட்டும். குலுக்கல் போட்டு ஊர்களைப் பிரித்து, சில ஊர்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு இந்தச் சோதனையைச் செய்தார்கள், மற்ற ஊர்களில் வழக்கமான கவனிப்போடு விட்டார்கள். 2007-இல் முடிவு வந்தது: சோதனை நடந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைவு. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அம்பிளிக்கையில் ஒரு கிராமப்புறப் புற்றுநோய்ப் பதிவேடு இருந்தது, அதில் யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்று பெயர் பெயராக எழுதி வைத்திருந்தார்கள். உங்கள் மகள் செய்யப்போவது அந்த மாதிரி வேலை. சொந்தக்காரர்களிடம் அவளையே பேசவிடுங்கள்.

எங்கள் தெருவில் ஐந்து வருஷத்தில் நாலு பேருக்குப் புற்றுநோய். எல்லாம் வயலுக்கு அடிக்கிற மருந்தால்தான் என்கிறோம். ஊர் ஊராகக் கணக்கெடுத்தால் தெரிந்துவிடாதா? ஏன் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்? – ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நாலு என்கிற எண்ணை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் சொல்ல முடியாது, எத்தனை பேரில் நாலு என்று தெரிய வேண்டும். இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது புற்றுநோய் வரலாம் என்பது தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் மதிப்பீடு. ஐம்பது வீடு, இருநூறு பேர் உள்ள தெரு என்றால் மருந்து அடிக்காத ஊரிலும் அதில் இருபத்திரண்டு பேருக்கு என்றைக்காவது வரும். இன்னொன்று, இப்போது உங்கள் தெருவில் இருப்பது யார்? பிள்ளைகள் சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்க, வீட்டைக் காப்பது அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாதானே. புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களைத் தேடி வருகிற நோய். கிழவர்கள் நிறைந்த தெருவையும் சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற தெருவையும் வயதைச் சரிக்கட்டாமல் ஒப்பிடவே கூடாது.

அப்புறம், நாலும் ஒரே நோயா? மார்பில் ஒன்று, வாயில் ஒன்று, இரைப்பையில் ஒன்று என்றால் அவை வேறு வேறு காரணங்களால் வரும் வேறு வேறு நோய்கள். நாலு பேருக்கும் ஒரே அபூர்வமான ரத்தப் புற்றுநோய் என்று எழுதியிருந்தீர்கள் என்றால் இந்தப் பதிலை எழுதாமல் நேரே பஸ் ஏறியிருப்பேன். புள்ளி வைத்துவிட்டுக் கோலம் போடுவதுதான் முறை. நாம் கோலத்தை முதலில் போட்டுக்கொண்டு, அதற்குள் விழுகிற புள்ளிகளை மட்டும் எண்ணுகிறோம்.

இதனால் பூச்சிமருந்துக்கு நான் நற்சான்று கொடுத்துவிட்டதாக நினைக்காதீர்கள். 2015-இல் ஐ.ஏ.ஆர்.சி. லிண்டேன் என்ற பூச்சிமருந்தை ‘புற்றுநோய் உண்டாக்குவது உறுதி’ என்ற வகையிலும், மாலத்தியான் என்ற பூச்சிமருந்தையும் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியையும் ‘அநேகமாக உண்டாக்கும்’ என்ற வகையிலும் சேர்த்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்கையை வாளிக்குள் விட்டு மருந்தைக் கலக்கி, எதிர்க்காற்றில் அடிக்கிறார்களே, அதை நிறுத்த எந்த ஆய்வு முடிவுக்கும் காத்திருக்க வேண்டாம்.

கணக்கெடுக்காமலும் இல்லை. 1982-இலேயே சென்னை, பெங்களூர், மும்பையில் தேசியத் திட்டத்தின் கீழ், அந்த ஊர் மக்களில் யாருக்கெல்லாம் புற்றுநோய் வருகிறது என்று எழுதும் பதிவேடு ஆரம்பித்துவிட்டது. சென்னையில் அதை நடத்துவது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. மாநிலம் முழுவதற்குமான பதிவேடு 2012-இல் வந்தது. எடுப்பதில்தான் சிக்கல், அதற்கு என் சொந்த அசட்டுத்தனத்தையே சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய மருத்துவமனையின் ரெக்கார்டு ரூமில் பத்து நாள் உட்கார்ந்திருந்தேன். துணியில் கட்டிய கேஸ் ஷீட் மூட்டைகள், மழையில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. அப்பளம் பிரிக்கிற மாதிரி பிரித்து எழுதி, ஒரு தாலுகாவில் மார்பகப் புற்றுநோய் ரொம்ப அதிகம் என்று பெருமையாக அறிக்கை கொடுத்தேன். என் மேலதிகாரி வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இதில் எத்தனை பேர், எத்தனை தாள்?’ என்றார். திரும்பப் போய்ப் பார்த்தால், தனலட்சுமி என்று வைத்துக்கொள்ளுங்களேன், ஒரு சீட்டில் அப்பா இனிஷியலோடு ஆர். தனலட்சுமி, இன்னொன்றில் புருஷன் இனிஷியலோடு கே. தனலட்சுமி, பயாப்ஸி ரிப்போர்ட்டில் வெறும் தனம். வயது 45, 48, 50. மூன்றும் ஒரே பெண்மணி. நான் மூன்று பேராக எண்ணியிருக்கிறேன்.

நேர்மாறாகவும் நடக்கும். மன்னார்குடிக்காரர் அடையாறுக்குச் சிகிச்சைக்குப் போகிறார், விலாசம் கேட்டால் வேளச்சேரியில் இருக்கும் மகன் வீட்டைச் சொல்கிறார். எவ்வளவு நாளாக அங்கே இருக்கிறீர்கள் என்று பதிவேட்டுக்காரர் துருவிக் கேட்க வேண்டும். ஒரு வருஷமாவது குடியிருந்தால்தான் அந்த ஊர்க் கணக்கு. கேட்காமல் விட்டால் சென்னையில் ஒன்று கூடும், டெல்டாவில் ஒன்று குறையும். இறப்புச் சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்று இருந்தால் அதுவும் போச்சு. வீட்டிலும் ‘கட்டி’ என்பார்கள், ‘அந்த வியாதி’ என்பார்கள், வாயைத் திறந்து பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஆகவே உங்கள் தெருவுக்கு ஆள் வந்து கேட்டால் சரியான வயதையும் சரியான ஊரையும் சொல்லுங்கள்.

பிளஸ் டூ படிக்கிறேன். நீட்டில் சீட் கிடைக்காவிட்டால் இந்தத் துறைக்கு வர முடியாதா? – ஒரு மாணவி, பேராவூரணி

தாராளமாக வரலாம். புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை 1950-இல் பிரிட்டனில் நிறுவிய இருவரில் ரிச்சர்ட் டால் மருத்துவர், பிராட்ஃபோர்ட் ஹில் மருத்துவரே இல்லை. முதல் உலகப் போரில் காசநோய் வந்து மருத்துவம் படிக்கும் ஆசையை விட்டு, படுக்கையில் இருந்தபடியே அஞ்சல்வழியில் பொருளாதாரம் படித்துப் புள்ளியியலுக்கு வந்தவர். டால் ஆரம்பத்தில் சந்தேகப்பட்டது சாலைக்குப் போடுகிற தாரை! எண்கள் வேறு பக்கம் காட்டவே, ஆய்வு முடிவதற்குள் தன் சிகரெட்டை நிறுத்திவிட்டார். திருத்துறைப்பூண்டிக்காரரும் இதைப் படித்தால் தேவலை.

நீ புள்ளியியலோ உயிரியலோ பட்டம் படி. பிறகு எபிடெமியாலஜியில் முதுகலை. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலேயே அதற்குத் துறை இருக்கிறது, உனக்குப் பக்கம்தான். புதுச்சேரி ஜிப்மரில் எம்.பி.ஹெச்., அதாவது பொதுச் சுகாதார முதுகலை உண்டு. சேர்க்கைத் தகுதியை அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்.

புற்றுநோய் தொற்றுமா? – நாகப்பட்டினம்

தொற்றாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் உடலுறவால் பரவும், புற்றுநோய் பரவாது. யாருக்கோ தட்டும் டம்ளரும் தனியாக வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இன்றைக்கே எடுத்து ஒன்றாகப் போடுங்கள்.

மூன்று தலைமுறையாக வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறோம். டாக்டர்களெல்லாம் சேர்ந்து வெற்றிலையைக் கெட்ட பெயராக்கிவிட்டீர்கள். நானே தினமும் பத்துத் தடவை சீவலும் பன்னீர்ப் புகையிலையும் வைத்துப் போடுகிறேன், கல்லு மாதிரி இருக்கிறேன். இப்போது கொஞ்ச நாளாகக் காரம் மட்டும்தான் சாப்பிட முடியவில்லை. – கும்பகோணம் வாசகர்

ஐயா, கொடிக்காலோடு எனக்கு வழக்கில்லை. வழக்கு, இலைக்குள் வைத்து மடிக்கிறவற்றின் மேல். புகையிலை சேர்த்த தாம்பூலம் புற்றுநோய் தரும் என்று 1985-இல் சொன்ன ஐ.ஏ.ஆர்.சி., 2004-இல் புகையிலை இல்லாத தாம்பூலமும், ஏன், வெறும் பாக்கும்கூடத் தரும் என்று அறிவித்தது. திருவிதாங்கூரில் தாம்பூலம் போடுகிறவர்களின் வாய்ப்புற்று பற்றி 1933-இலேயே லான்செட்டில் கட்டுரை வந்திருக்கிறது. சீவல் மென்மையாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், அதுவும் பாக்குதான்.

அதை விடுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது கடைசி வரி. காரம் பட்டால் வாய் எரிவது, பாக்கு போடுகிறவர்களுக்கு உள்கன்னம் இறுகத் தொடங்குவதன் முதல் அடையாளமாக இருக்கலாம். இப்போதே எழுந்து கண்ணாடி முன்னால் நின்று, மூன்று விரலைச் சேர்த்து நெட்டுக்குத்தாக வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, உள்ளே வெள்ளையாக, சிவப்பாகப் படை தெரிந்தாலோ, இரண்டு வாரம் ஆறாத புண் இருந்தாலோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குப் போய்க் காட்டுங்கள். நுழைந்துவிட்டாலும் எரிச்சலுக்காக ஒரு பல் டாக்டரையாவது இந்த வாரமே பாருங்கள், அதுவரை பாக்கும் புகையிலையும் தொடாதீர்கள். என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள், வயதை மட்டும் சரியாக எழுதி.