பனி மண்ணில் பாக்டீரியா

கேள்வி: காசிமேட்டில் ஐஸ் போட்ட மீன் கெடுவதில்லை. அப்படியென்றால் அண்டார்டிகா மண்ணில் பாக்டீரியாவே இருக்காதா? இருந்தால் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
- வாசகி, ராயபுரம்

பதில்: ஐஸ் பாக்டீரியாவை மந்தப்படுத்தும், அவ்வளவுதான், நாளானால் அந்த மீனும் கெடும். அண்டார்டிகாவின் மெக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்கு மண்ணிலேயே ஆக்டினோபாக்டீரியா, அசிடோபாக்டீரியா எனப் பல வகைகள் உண்டு. அண்டார்டிகாவில் சில, காற்றிலுள்ள ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் கொண்டே பிழைப்பதாக 2017இல் தெரியவந்தது!

ஆய்வகத் தட்டில் வளர்த்தால் பெரும்பாலானவை வளராது. எனவே கால் கிராம் மண்ணை நுண்மணிகளோடு குலுக்கி, செல்களை உடைத்து டிஎன்ஏ எடுத்து, எல்லா பாக்டீரியாவிலும் இருந்து வகையைக் காட்டிக்கொடுக்கும் 16எஸ் மரபணுவைப் பிசிஆரில் (டிஎன்ஏவைப் பல பிரதிகளாக்கும் முறை) பெருக்கி வரிசையைப் படிப்பார்கள். சிக்கல் இங்கேதான். உயிர் குறைந்த மண்ணென்றால், ரசாயனங்களில் ஒட்டிவந்த வேற்று டிஎன்ஏ முந்திக்கொள்ளும். மண் போடாத வெற்றுக் குழாயையும் கூடவே சோதிக்காத முடிவை நம்பவேண்டாம். குளிரில் செத்த செல்லின் டிஎன்ஏ நெடுநாள் சிதையாது. அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும்.